பெடலுக்கு வைத்த பொட்டு

நவம்பர் 3, வெள்ளி

இந்த டைரி போன வருஷத்தது. பேட்டரிக் கடைக்காரர் கொடுத்தது, அலமாரியில் கிடந்தது. தேதி சரியாக இருக்கும், கிழமை மட்டும் ஒரு நாள் பின்னால் நிற்கும். அச்சில் இருந்த வியாழனை அடித்துவிட்டு வெள்ளி என்று எழுதியிருக்கிறேன். கோத்தகிரியில் நவம்பர் மாதத்தில் கிழமை தெரிந்து என்ன ஆகப்போகிறது? காலையில் மூடுபனி, மதியம் மழை, சாயங்காலம் மறுபடி மூடுபனி.

வருகிற வண்டிக்கெல்லாம் கார்டு எழுதுகிறேன், எனக்கும் ஒன்று இருக்கட்டுமே. பெயர்: குணசீலன். வயது: நாற்பத்துநான்கு. தொழில்: ஆட்டோ எலக்ட்ரீசியன், சொந்தக் கடை. குடும்பம்: அமையவில்லை. குறை: மதியம் தூக்கம், மற்ற நேரம் கனவு. மற்றபடி ஓடும் நிலையில் உள்ளது.

காலை பதினொரு மணிக்கு சகாயராணி பள்ளி வேனைக் கொண்டுவந்தாள். அந்தப் பள்ளியின் மூன்று வேன்களும் நம்மிடம்தான் வரும். ஓட்டுநர்களில் அவள் ஒருத்திதான் பெண். பச்சை ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

"அண்ணே, காலையில மேடு ஏறுறப்போ பிக்கப் சட்டுனு போயிடுதுண்ணே. பெடல மிதிக்கிறேன், மிதிக்கிறேன், வண்டி காதுலயே வாங்க மாட்டேங்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஓடுது."

"எப்பத்துல இருந்தும்மா?"

"ஆயுத பூஜைக்கு அப்புறம்தாண்ணே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன், பொட்டு வெச்சது சாமிக்குப் பிடிக்கலையாமா?" என்றேன். கோயிலுக்குப் போகாத, மாதா கோவிலுக்குப் போகிற அவளும் சிரித்தாள்.

பூஜை நம் கடையில் பிரமாதமாக நடக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். வாடிக்கை வண்டி எல்லாவற்றையும் பிரஷர் தண்ணி அடித்து நானே கழுவுவேன். வெளியே மட்டும் கழுவி உள்ளே அழுக்கோடு விட எனக்கு மனசு வராது. இந்தத் தடவை அவள் வேனுக்குள் கால் வைக்கிற இடம் முழுக்க அடித்தேன். பிறகு ஸ்டியரிங், கியர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். பெடலுக்கும் வைத்தேன், கை தாராளமாக. "பெடலுக்கு வேணாம்ணே, செருப்பு படும்" என்றாள். "இன்னிக்கு ஒரு நாள் செருப்பக் கழட்டிட்டு ஓட்டுங்க" என்றேன். கழற்றிவிட்டுத்தான் ஓட்டிப் போனாள். பெடல் ரப்பரின் பள்ளத்தில் இன்னும் அந்த மஞ்சள் இருக்கிறது.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கிற ஸ்கேனரைப் போட்டேன். பழுதைச் சொல்கிற பழைய எரர் கோடு ஒன்று உள்ளே பதிந்திருந்தது. சுத்தமாக இருக்கட்டும் என்று, என்னவென்று பார்க்காமலே அழித்தேன். பஸ் ஸ்டாண்ட் வரை ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய். 'வண்டியில் குறை ஏதும் இல்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் வைத்துக் கொடுத்தேன். எழுத்தைப் பொடியாக்கினால் ஒரு நாள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடுகிறது.

நவம்பர் 4, சனி

மதியம் சாப்பிட்டதும் கடைக்குள்ளேயே தூங்கிப்போனேன். கனவு.

அந்த வேன். சுற்றிலும் மூடுபனி, ரோடே இல்லை. டயர் எதன்மேல் உருள்கிறது என்று தெரியவில்லை, ஆனால் உருள்கிறது. பிள்ளைகள் யாரும் இல்லை. நான் பிள்ளைகளின் சீட்டில் முழங்காலை மோவாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சகாயராணி வெறுங்காலோடு ஓட்டுகிறாள். வண்டி முழுக்கச் சந்தன வாசம். இன்ஜின் சத்தமே இல்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எங்க இறங்கணும்?" என்று கேட்டாள். இறங்க வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ரோட்டில் போன சோடா லாரி ஹாரன் அடித்துவிட்டது.

அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவதை நான் எண்ணுவதில்லை. நேற்று பதினொரு தடவை.

நவம்பர் 6, திங்கள்

காலை ஏழே கால் மணிக்கு, எஸ்டேட் ரோட்டின் மூன்றாம் கொண்டை ஊசி வளைவில், இருபத்திரண்டு பிள்ளைகளோடு வேன் சக்தி இழந்து நின்றுவிட்டது. பின்னாலேயே தேயிலை லாரி. லாரிக்காரன் கெட்டிக்காரன், மண் மேட்டில் ஏற்றி நிறுத்தினான். யாருக்கும் அடி இல்லை. ஒரு பிள்ளையின் டிபன் பாக்ஸ் திறந்து இட்லி எல்லாம் உருண்டதாம்.

பத்து மணிக்குப் பள்ளித் தாளாளர் போன் செய்தார். "குறை இல்லன்னு சீல் வெச்சுக் குடுத்திருக்கீங்க குணசீலன். வண்டியில குறை இல்லன்னா குறை யாருகிட்ட?"

"சார், அது அப்ப பாத்தப்போ..."

"அந்தம்மா வளைவுல பயந்து கால எடுத்திருக்கு. எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. பதினெட்டாம் தேதி சனிக்கிழமை கமிட்டி. அதுவரைக்கும் வண்டியில பிள்ளைங்கள ஏத்த மாட்டோம். வண்டி உங்க கடையில நிக்கட்டும்."

மதியம் தூக்கம் வரவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

மழையில் குடை பிடித்து நடந்தே வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை.

"நான் கால எடுக்கலண்ணே. மிதிச்ச கால மிதிச்சபடியேதான் வெச்சிருந்தேன். கண்ணாடியில லாரி வருது, பின்னால என் மகளும் உக்காந்திருக்கா. நான் எப்படிண்ணே கால எடுப்பேன்?"

அவள் கணவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. மகள் நிவேதா அதே பள்ளியில் ஏழாவது. ஓட்டுநர் பிள்ளை என்று கொடுத்த இடம். பதினெட்டாம் தேதி இவளை நிறுத்தினால் அந்த இடமும் போகும். அதோடு, இனி எந்த ஊரில் வண்டி கேட்டாலும் 'பயந்து காலை எடுத்தவள்' என்ற பேச்சு முன்னால் போய் நிற்கும்.

"உங்க பேப்பரத்தாண்ணே நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்காங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

நவம்பர் 8, புதன்

நாள் முழுக்க வேனோடு இருந்தேன்.

இப்போது வருகிற வண்டிகளில் பெடலுக்கும் இன்ஜினுக்கும் நடுவே கேபிள் கிடையாது. பெடலுக்கு மேலே தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்று அதுதான் கம்பி வழியாகச் சொல்லும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை சொல்லும். முதல் கம்பி முழுசாகச் சொல்லும், இரண்டாவது கம்பி அதில் சரிபாதி சொல்லும். காலை எடுத்தால் முக்கால் வோல்ட், அதில் பாதி. முழுக்க மிதித்தால் மூன்றே முக்கால் சொச்சம், அதில் பாதி. இரண்டும் ஒத்துப்போனால்தான் இன்ஜின் நம்பும். ஒத்துப்போகாவிட்டால், காலை எவ்வளவு அழுத்தினாலும் "நீ சொல்வது பொய்" என்று மெதுவோட்டத்துக்குப் போய்விடும்.

ஸ்கேனர் திரையில் இரண்டு கம்பியின் அளவையும் இரண்டு கோடுகளாக ஓடவிட்டு, காலால் பெடலை அழுத்தி அழுத்தி விட்டேன். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கின. அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். குறை ஒன்றும் இல்லை. பார்க்க அவ்வளவு அழகு.

நவம்பர் 9, வியாழன்

வயரைப் பிடித்து ஆட்டினேன், இழுத்தேன், தட்டினேன். ஒன்றுமில்லை. சகாயராணி வந்து பார்த்துவிட்டுப் போனாள். அண்ணே: ஆறு.

நவம்பர் 10, வெள்ளி

மரமண்டை எனக்கு நேற்றுத்தான் உறைத்தது. குறை வருவது காலை ஏழு மணிக்கு. நான் தேடுவதோ வெயில் வந்து, டீ குடித்து, பேப்பர் படித்த பிறகு. திருடன் போன பிறகு தெருவில் நின்று டார்ச் அடிக்கிறேன்.

பள்ளியில் அனுமதி வாங்கி, ஆறரை மணிக்கு வெறும் வேனில் இருவரும் கிளம்பினோம். அவள் ஓட்ட, பக்கத்தில் நான், மடியில் ஸ்கேனர். மூடுபனி என்றால் அப்படி ஒரு மூடுபனி. பத்தடிக்கு அப்பால் உலகம் இல்லை. சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாக வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. எனக்கு சனிக்கிழமைக் கனவு ஞாபகம் வந்தது. இறங்க வேண்டிய இடம் பற்றி இவள் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது என்னண்ணே ரெண்டு கோடு?"

சொன்னேன். ஒன்று முழுசு, ஒன்று பாதி, இரண்டும் ஒத்துப்போனால்தான் நம்பும் என்று.

"நல்லாருக்கே. ஒருத்தர் சொல்றத மட்டும் கேட்டு முடிவு பண்ண மாட்டேங்குது பாருங்க" என்றாள்.

முதல் வளைவு. இரண்டாம் வளைவு. மூன்றாவதில் ஏறும்போது, மேல் கோடு அவள் காலோடு அழகாக ஏறிக்கொண்டிருக்க, கீழ்க் கோடு தன் பாதியை விட்டுவிட்டு மெல்ல மேலே மிதந்தது. பனி மேலே போவதுபோல அவசரமே இல்லாமல் போனது. இன்ஜின் லைட் எரிந்தது. வேன் தளர்ந்தது.

குனிந்து அவள் காலைப் பார்த்தேன். பெடலைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. நடுங்கக்கூட இல்லை.

"பாத்தீங்களாண்ணே?"

"பாத்தேன்."

"கால எடுக்கலதானே?"

"எடுக்கலம்மா."

கைபிரேக்கைப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். நான் வெளியே பார்த்தேன். பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் வெள்ளை. இந்த ஊரில் இத்தனை வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் பழுதாகி நின்றதில்லை.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. சகாயராணி வீட்டுக்கு அதிரசம் கொண்டுபோகலாம் என்று எடுத்து வைத்தேன். போகவில்லை. நானே தின்றேன்.

நவம்பர் 13, திங்கள்

விடுமுறை. தனியாக உட்கார்ந்து, சென்சாரில் கம்பிகளைச் செருகுகிற கப்ளரைக் கழற்றினேன். உள்ளே உலோகப் பின்களெல்லாம் பச்சை பூத்திருந்தன. ஈரம். வேறு எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 14, செவ்வாய்

புது கப்ளர் போட்டேன். சென்சாரோடு சேர்ந்த பெடல் கோயம்புத்தூரிலிருந்து நாளை வரும்.

தாளாளருக்குப் போன் செய்தேன். "சார், வண்டியிலதான் குறை. கப்ளருக்குள்ள தண்ணி போயிருக்கு. காலையில குளிருக்கும் பனிக்கும் உள்ள ஈரம் கோக்குது, சிக்னல் தப்பாப் போகுது. வெயில் வந்தா காஞ்சு சரியாயிடுது. அதான் அன்னிக்கு எனக்குத் தெரியல."

"தண்ணி எப்படிப் போச்சு?"

"..."

"அந்தம்மாதானே தினமும் உள்ள தண்ணி ஊத்தித் துடைக்குது? அப்படின்னா தப்பு அங்கதான். வண்டியக் கெடுத்ததும் இல்லாம பிள்ளைங்கள வெச்சு ஓட்டியிருக்கு. சனிக்கிழமை நீங்களும் வந்து இதைச் சொல்லிடுங்க."

"ம்" என்றேன். ஒரு எழுத்துதான். மழை சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கும்.

நவம்பர் 15, புதன்

திங்கட்கிழமை எழுதாததை இன்று எழுதுகிறேன்.

கப்ளருக்குள் பச்சை மட்டும் இல்லை. பின்களின் அடியில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. ஊசியால் சுரண்டி விரலில் வைத்து மோந்து பார்த்தேன். சந்தனம்.

ஈரத்துணியால் தரையைத் துடைத்தால் தண்ணீர் பெடலுக்கு மேலே ஏறாது. கீழிருந்து மேலே பிரஷரில் அடித்தால்தான் ஏறும். பூஜையன்று நான் முதலில் கழுவினேன், பிறகு சந்தனம் வைத்தேன், மிச்சச் சந்தனம் தரையில் கொட்டிவிட்டது என்று மறுபடி ஒரு தடவை அடித்தேன். அந்தக் கரைசல்தான் மேலே போயிருக்கிறது. அன்றைக்கு அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது, திங்கட்கிழமையே தெரிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இரண்டு நாளாகச் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பள்ளி வேலை போனால் கடையில் பாதி போய்விடும். பூஜையில் வண்டியைக் கெடுத்தவன் என்றால் மீதிப் பாதியும் யோசிக்கும். எனக்கு வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது.

நவம்பர் 16, வியாழன்

வந்தாள். எனக்கும் சேர்த்து எதிர்க்கடையில் டீ சொன்னாள்.

"கண்டுபிடிச்சுக் குடுத்தீங்களேண்ணே, அதுவே பெரிசு. கால எடுத்தேன்னு இனிமே யாரும் சொல்ல முடியாதில்ல. தாளாளர் சொன்னாரு, நான் தண்ணி ஊத்தித் துடைச்சதாலதான்னு. இருக்கும்ணே. பிள்ளைங்க சேத்துக்காலோட ஏறும், நானும் நறநறன்னு இருக்கேன்னு துடைப்பேன். துணிய நல்லா பிழிஞ்சிருக்கணும். என் தப்புதான்."

"அப்படியெல்லாம் இல்லம்மா" என்றேன். அதுவும் பாதிதான். மீதியைச் சொல்வதற்குள் கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டு மூடுபனிக்குள் போய்விட்டாள். எத்தனை அண்ணே என்று இன்று எண்ணவில்லை.

நவம்பர் 18, சனி

கமிட்டியில் ஆறு பேர். சகாயராணி கதவோரம் நின்றிருந்தாள். நாற்காலி இருந்தும் உட்காரச் சொல்லவில்லை.

தாளாளர் ஆரம்பித்தார். தினமும் தண்ணீர் ஊற்றியது, அலட்சியம், இருபத்திரண்டு பிள்ளைகள். பிறகு என்னைப் பார்த்தார். "நம்ம எலக்ட்ரீசியனே சொல்லட்டும்."

எழுந்தேன். வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"சார், தண்ணி அடிச்சது நான்தான். ஆயுத பூஜை அன்னிக்கு எங்க கடையில. பிரஷர்ல, உள்ள. பெடலுக்கு சந்தனமும் நான்தான் வெச்சேன். வேணாம்னு இவங்க சொன்னாங்க. கப்ளருக்குள்ள இருந்தது சந்தனத் தண்ணி."

பழைய கப்ளரைப் பொட்டலத்திலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். ஒருவர் மோந்து பார்த்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தார்.

"இந்தம்மாவக் காப்பாத்தணும்னு இப்ப வந்து சொல்றீங்களா?" என்றார் தாளாளர். "அன்னிக்கு ஏன் சொல்லல?"

அதுவும் நியாயமான கேள்விதான். பையிலிருந்து இந்த டைரியை எடுத்து மூன்றாம் தேதிப் பக்கத்தைப் படித்தேன். பூஜைக்கு அப்புறம்தான் என்று அவள் சொன்னது, நான் சிரித்தது, தண்ணி அடித்த பெருமை, எரர் கோடை என்னவென்று பார்க்காமலே அழித்தது எல்லாவற்றையும் படித்தேன். பச்சை ஸ்வெட்டரை மட்டும் தாண்டிப் படித்தேன். அந்த எரர் கோடை அன்றே படித்திருந்தால் ஆறாம் தேதி வண்டி ரோட்டுக்கே போயிருக்காது. அதையும் சொன்னேன்.

"இவங்க முதல் நாளே சரியாச் சொல்லிட்டாங்க சார். நான்தான் கேக்கல."

பிறகு ஒரு வயதான உறுப்பினர், "அந்தப் பக்கத்தக் கிழிச்சுக் குடுங்க, ஃபைல்ல இருக்கட்டும்" என்றார். கிழித்துக் கொடுத்தேன்.

சகாயராணிக்குத் திங்கட்கிழமையிலிருந்து வேலை. இனி பள்ளி வேன்கள் குன்னூரில் ஒரு கடைக்குப் போகும். இரண்டும் நான் எதிர்பார்த்ததுதான். வெளியே வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"வியாழக்கிழமை டீ குடிக்கிறப்போவும் உங்களுக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 19, ஞாயிறு

அவள் பேசாமல் போனது நியாயம்தான். நாள் முழுக்க மழை. இரண்டாம் தேதிக்கும் ஐந்தாம் தேதிக்கும் நடுவே கிழித்த இடம் பல் விழுந்தாற்போல இருக்கிறது. ஐந்தாம் தேதி ஏன் அடுத்து வருகிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். மூன்றாம் தேதியின் முதுகில் நான்காம் தேதி. அந்தக் கனவு இப்போது பள்ளி ஃபைலில் இருக்கிறது. கடைசி வரியோடு.

இந்த ஊரைவிட்டு எங்கே போகலாம் என்று யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

நவம்பர் 20, திங்கள்

காலை ஆறரை. கடையைத் திறந்து பல் விளக்கிக்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள் முதலில் மஞ்சள் விளக்கு இரண்டு, பிறகு வேன். கடை வாசலில் நின்றது. உள்ளே பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை. நிவேதா மட்டும் கடைசி சீட்டில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சகாயராணி கண்ணாடியை இறக்கினாள். பச்சை ஸ்வெட்டர்.

"புதுப் பெடல் நல்லாருக்கு" என்றாள்.

நான் வாய் நிறைய நுரையோடு தலையாட்டினேன்.

"ஆபீஸ்ல அந்தப் பேப்பர எனக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க." டாஷ்போர்டிலிருந்து மடித்த தாளை எடுத்துக் காட்டினாள். "ரெண்டு பக்கமும் எடுத்திருக்காங்க."

நுரையைத் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. விழுங்கினேன்.

"உங்க மேல எனக்குக் கோவம் இன்னும் இருக்கு. பூஜைக்கு அப்புறம்னு அன்னிக்கே சொன்னேன், சிரிச்சீங்க. ஒரு வாரம் நான் தூங்கல."

"இருக்கணும்" என்றேன். "இருக்கட்டும்."

அவள் தாளைப் பார்த்தாள், பிறகு முன்கண்ணாடி வழியே ரோடு இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். அங்கே ரோடு இல்லை, வெள்ளைதான் இருந்தது.

"எங்க இறங்கணும்னு கேட்டேன்ல, அதுக்கு நீங்க பதிலே சொல்லலையே?"

"ஹாரன் அடிச்சிட்டாங்க."

"இப்ப யாரும் அடிக்கல."

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. தாளை நான்காக மடித்து ஸ்வெட்டர் பையில் வைத்துக்கொண்டாள். "பிள்ளைங்க நிப்பாங்க. நாளைக்கும் ஆறரைக்கு இந்த வழியாத்தான் வருவேன். யோசிச்சு வைங்க" என்று கியரைப் போட்டாள்.

வேன் மூடுபனிக்குள் போய் மறைந்த பிறகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிரஷ்ஷும் கையுமாக நின்று கேட்டேன். முதல் வளைவு. இரண்டாம் வளைவு. மூன்றாவதில் அவள் மிதித்தாள். இன்ஜின் ஒரு சொல் தட்டாமல் ஏறிப் போனது.

அண்ணே: ஒன்றுகூட இல்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டேன்.